கேத்தரின் அடையாள அட்டை கேட்கவில்லை

ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலை மறுபடி வாசித்தேன். இலங்கை மலையகத்து ஹட்டனில் கரண்ட் இல்லாத இரண்டு ராத்திரி, வெளியே மழை. புத்தகத்துக்குள்ளும் விடாத மழைதான்.

1929இல் வந்த நாவல். முதலாம் உலகப் போரில் இத்தாலிய இராணுவத்தின் அம்புலன்ஸ் பிரிவில் இருக்கும் அமெரிக்கன் ஃபிரெடரிக், ஆங்கிலேயத் தாதி கேத்தரின். போர்க்காலக் காதல் கதை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஆரம்பத்தில் இரண்டு பேருமே காதலிப்பதாக நடிக்கிறார்கள். அது வெறும் விளையாட்டு என்று கேத்தரினே வாய்விட்டுச் சொல்கிறாள். அவளுக்கு நிச்சயித்தவன் பிரான்சில் நடந்த சோம் போரில் செத்துப்போனவன்.

எனக்கு நாவல் தொடங்குவது தாலியமெந்தோ ஆற்றுப் பாலத்தில்தான். 1917 அக்டோபர், கபோரெட்டோவில் தோற்ற இத்தாலியப் படை பின்வாங்கி வருகிறது. பாலத்தில் நிற்கும் இராணுவப் பொலிசார் அதிகாரிகளைப் பிரித்தெடுத்து, நாலு கேள்வி கேட்டுவிட்டுச் சுடுகிறார்கள். ஃபிரெடரிக் பேசும் இத்தாலிய மொழியில் வேற்று வாடை அடிக்கும். இத்தாலியச் சீருடை போட்ட ஜெர்மன்காரன் என்றே முடிவு கட்டுவார்கள் என்று அவனுக்கு விளங்கிவிடுகிறது. ஆற்றில் குதிக்கிறான்.

அங்கே புத்தகத்தை மூடிவைத்தேன். தொண்ணூறுகளில் கொழும்புக் கடைகளில் வேலை செய்த நம் தேயிலைத் தோட்டத்துப் பையன்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'கெதர கொஹெத?', வீடு எங்கே, என்று சோதனையில் சிங்களத்தில் கேட்டார்கள். என் சிங்களம் ஒரு சொல்லில் பிசகியது. அட்டையில் தோட்டத்து விலாசம் இருந்தும் அன்றிரவு முழுக்க ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் அதற்குப் பிறகு வரும் காதல் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. படையை விட்டு ஓடிவந்தது குற்றவாளி மாதிரி இருக்கிறது என்கிறான் அவன். அது இத்தாலிய இராணுவம்தானே என்கிறாள் அவள். விசாரணை அவ்வளவுதான்! கேத்தரினைத் தலையாட்டிப் பொம்மை என்று திட்டிய விமர்சகர்கள் உண்டு. சில பக்கங்களில் அப்படித்தான் பேசுகிறாள், மறுக்கவில்லை. ஆனால் வழிநெடுக 'நீ யார்' என்று கேட்கிற நாட்டில், கேட்காமல் கதவைத் திறக்கிற ஒருத்தியின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம் சுவிட்சர்லாந்துக்குத் தப்பி ஏரியில் இரவு முழுக்கப் படகு, 35 கிலோமீட்டர். குடையைப் பாயாக விரிக்கிறான், காற்று அதை மடக்கிவிடுகிறது, கேத்தரினுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சுவிஸ் கரையில் பிடிபடுகிறார்கள். ஆனால் கையில் பாஸ்போர்ட் இருக்கிறது, காசும் இருக்கிறது. குளிர்கால விளையாட்டுக்கு எந்த ஊர் நல்லது என்று அதிகாரிகள் தங்களுக்குள் சண்டை பிடிக்கிறார்கள். ஹெமிங்வே வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார். சிரித்தேன், எரிச்சலும் வந்தது. 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தில் குடியுரிமையை இழந்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று தலை எண்ணிப் பிரிக்கப்பட்ட மலையகத் தமிழ்ச் சனம் நாங்கள். சித்தப்பா விரும்பிய பெண்ணின் வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அவர் வீட்டுக்கு வரவில்லை. ஹட்டன் ஸ்டேசனில் அவள் கோச்சி ஏறினாள். இந்தியாவுக்குக் கப்பல் புறப்பட்ட தலைமன்னார் வரைக்கும் போய் வழியனுப்ப இவரிடம் காசில்லை.

நேற்று அவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கடைசியில் கேத்தரின் லொசான் ஆஸ்பத்திரியில் பிரசவத்தோடு செத்துப்போகிறாள், பிள்ளையும் இல்லை, அவன் மழையில் நடந்து ஹோட்டலுக்குப் போகிறான் என்றேன். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சாகும்போது அவன் கூட இருந்தானா?"

இருந்தான் என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.