பட்டியலிடப்படாத பங்குக்கும் விதி பொருந்தலாம்
அமெரிக்க ஓய்வூதியத் திட்டங்கள் தம் நிறுவனத்தின் பங்கையே வைத்திருப்பது பற்றிய கட்டுரை ஒன்று, சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்குகளுக்கு மட்டுமே மாற்று முதலீட்டு உரிமை, அதாவது ஊழியர் அப்பங்கை விட்டு வேறு முதலீட்டுக்கு மாறும் உரிமை, உண்டு என்று சொல்லி நிறுத்திவிடுகிறது. 2001இல் என்ரான் என்னும் அமெரிக்க எரிசக்தி நிறுவனம் திவாலானபோது ஊழியர்களின் சேமிப்பும் கரைந்ததை மனத்தில் வைத்து இயற்றப்பட்ட 2006ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் அகலமானது: திட்டத்தில் உள்ள பங்கு சந்தையில் விற்கப்படாததாக இருப்பினும், அந்த நிறுவனமோ அதே குழுமத்தின் மற்றொரு நிறுவனமோ ஏதேனும் ஒரு வகைப் பங்கைப் பட்டியலிட்டிருந்தால், பொதுவாக அதுவும் பட்டியலிடப்பட்டதாகவே கொள்ளப்படும். ஊழியர் தம் சம்பளத்திலிருந்து போட்ட பணத்தை மாற்றப் பணிக்கால நிபந்தனை இல்லை. நிறுவனம் அளித்த பகுதிக்கு மூன்றாண்டுப் பணி வேண்டும். சம்பளப் பிடித்தம் கலவாத தனித்த ஊழியர் பங்குடைமைத் திட்டங்களுக்கு இவ்விதிகளிலிருந்து விலக்களித்திருப்பதுதான் நெருடுகிறது. அங்கே 55 வயதும் பத்தாண்டுப் பங்கேற்பும் நிறைந்த பின்பே, அதுவும் ஒரு பகுதியை மட்டுமே, மாற்றிக்கொள்ளும் உரிமையைச் சட்டம் உறுதி செய்கிறது.