கை நடுங்கினால் நடுங்கட்டும்

வைவா எனும் வாய்மொழித் தேர்வு அறைக்கு வெளியே கை நடுங்க நிற்கும் மாணவரிடம் "பயப்படாதே, தன்னம்பிக்கையோடு போ" என்று சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். ஆசிரியராகப் பல வருடங்கள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களுக்குப் பயம் குறையவில்லை. பயப்படுகிறோமே என்ற வெட்கமும் அதோடு சேர்ந்துகொண்டது.

என் எண்ணத்தை மாற்றியது உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-ல் எழுதியது. 'இந்த வேலை என்னால் ஆகும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, நான்கு ஊற்றுகளைச் சொன்னார். ஏற்கெனவே செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச் சொல். நான்காவது, நம் உடம்பு காட்டும் அறிகுறிகளை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது.

இந்த நான்காவதைப் பற்றி மாணவர்களிடம் யாரும் பேசுவதே இல்லை. பரீட்சைக்கு முன் நெஞ்சு படபடக்கிறது. ஒருவர் 'உடம்பு தயாராகிறது' என்று எடுத்துக்கொள்கிறார். இன்னொருவர் 'போச்சு, எல்லாம் மறந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறார். படித்தது இருவரும் ஒரே அளவாக இருக்கலாம். ஆனால் இரண்டாமவர் கேள்வித்தாளைப் பார்ப்பதற்கு முன்பே பாதி தோற்றுவிடுகிறார்.

மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சி, உதவுவது இந்த இடத்தில்தான் என்று நம்புகிறேன். அதை மனதைக் காலியாக்கும் வித்தை என்று நினைத்து, கண்ணை மூடியதும் எண்ணங்கள் வரிசைகட்டி வருவதைப் பார்த்து, 'எனக்கு இது வராது' என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. மூச்சைக் கவனிக்கிறோம், மனம் எங்கோ ஓடுகிறது, ஓடியது தெரிந்ததும் திரும்ப வருகிறோம். பயிற்சி என்பதே அந்தத் திரும்பி வருதல்தான். நூறு முறை ஓடினால் நூறு முறை பயிற்சி நடந்திருக்கிறது. இப்படிப் பழகியவருக்கு 'நெஞ்சு படபடக்கிறது' என்பதும் 'நான் தோற்கப்போகிறேன்' என்பதும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும். முதலாவது உடம்பில் நடப்பது, இரண்டாவது வெறும் எண்ணம்.

ஜான் கபாட்-ஜின் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சிக்கு வந்தவர்களில் பலர் மருந்தால் தீராத வலியோடு வாழ்ந்தவர்கள். வலி போய்விடும் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. வலியோடு இருக்கும் விதத்தைத்தான் கற்றுக்கொடுத்தார். மாணவர்களிடையே இதைச் சோதித்தவர்களும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. பயிற்சி இல்லாதவர்களில் 57 சதவீதம் பேர் பரீட்சை நேரத்தில் மனநல உதவி தேவைப்படும் அளவுக்கு மன உளைச்சலில் இருந்தார்கள். 8 வாரம் பயிற்சி எடுத்தவர்களில் அது 37 சதவீதம். 37 என்பதும் சின்ன எண் இல்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று அது காட்டவில்லை, அதனால்தான் இந்த ஆய்வை நான் நம்புகிறேன்.

ஆனால் கல்வி நிறுவனங்கள் இதைக் கையாளும் விதம் எனக்கு வருத்தம் தருகிறது. ஒரே வாரத்தில் மூன்று அசைன்மென்ட் வைத்துவிட்டு, அரங்கத்தில் முந்நூறு பேரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் 'மூச்சை இழுங்கள், விடுங்கள்' என்றால் என்ன நியாயம்? அட்டவணையைச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பை மாணவரின் மூச்சின் மேல் ஏற்றக் கூடாது. அப்புறம், எல்லோருக்கும் இது ஒத்துவராது. கண்ணை மூடினால் பழைய காயங்கள் மேலே வந்து கலங்கிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை ஒரு நல்ல மனநல ஆலோசகர். கட்டாயப் பயிற்சி வேண்டவே வேண்டாம்.

இப்போதெல்லாம் வைவா அறை வாசலில் நான் கேட்பது வேறு. "பாதம் தரையில் படுவது தெரிகிறதா? கை நடுங்குகிறதா? சரி, நடுங்கட்டும். உன் ஆய்வில் நீ கண்டுபிடித்தது என்ன, இரண்டே வரியில் சொல்." திக்கித் திணறியாவது சொல்லிவிடுகிறார்கள். சொல்லி முடித்த பிறகும் கை நடுங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் கையாலேயே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிறார்கள்.