பில்லோட அம்மா வீட்டுப் பக்கம் இருட்டுது

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஹாலிஃபாக்ஸ் ஊரில் நான் குடியிருந்த முதல் குளிர்காலம். எனக்கு வந்த பார்சலைப் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா வாங்கி வைத்திருந்தார். எடுக்கப் போனவன் கதவைச் சாத்தாமல் உள்ளே நுழைந்துவிட்டேன். "புட் வுட் இன் தாயில்!" என்று ஒரு அதட்டல். எனக்கு 'ஆயில்' மட்டும்தான் காதில் விழுந்தது. எண்ணெய் எங்கே என்று அசட்டுத்தனமாகத் தேடினேன். அந்தப் பக்கத்து நாக்கில் 'ஹோல்'தான் 'ஆயில்' ஆகிவிடுகிறது. ஓட்டையில் கட்டையை வை, அதாவது கதவைச் சாத்து.

அன்று பிடித்த சொலவடைப் பைத்தியம் இன்னும் விடவில்லை. ஆனால் ஒரு எரிச்சலும் கூடவே வளர்ந்தது. எந்தச் சொலவடைக்குப் பிறப்பிடம் கேட்டாலும் ஒரு ராஜாவையோ மகாகவியையோ கூட்டி வந்து நிறுத்துகிறார்கள்.

யார்க்‌ஷயருக்குத் தெற்கே, கிழக்கு மிட்லண்ட்ஸ் பக்கம் மேகம் கறுத்தால், "பில்லோட அம்மா வீட்டுக்கு மேல இருட்டுது" என்பார்கள். யார் இந்த பில்? வில்லியம் என்ற பெயரின் செல்லச் சுருக்கம்தான் பில்; வில்ஹெல்ம் அதன் ஜெர்மன் வடிவம். வில்லியம் ஷேக்ஸ்பியர் என்கிறது ஒரு கோஷ்டி. ஜெர்மன் சக்கரவர்த்தி கைசர் வில்ஹெல்ம் என்கிறது இன்னொன்று. அவருடைய அம்மா விக்டோரியா மகாராணியின் மூத்த மகள். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. அங்கே மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். ஜெர்மனியோ கிழக்கே இருக்கிறது. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு தென்மேற்கே இருப்பதால் அவருக்கு வேண்டுமானால் ஒரு மார்க் போடலாம்.

ராஜா இல்லாத கதைகள்தான் எனக்கு ருசி. ஹாலிஃபாக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளித் துணி நெய்து பிழைத்த ஊர். நெய்த துணியை நனைத்து, இடித்து, கெட்டியாக்கும்போது அது சுருங்கிவிடும். அதனால் மலைச்சரிவில் நீளமான மரச்சட்டங்கள் நட்டு, வளைந்த ஆணிகளில் மாட்டி, இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். அந்த ஆணிக்குப் பெயர் டென்ட்டர்ஹுக் (tenterhook). நெஞ்சு படபடக்கக் காத்திருப்பவனை 'ஆன் டென்ட்டர்ஹுக்ஸ்' என்பது இதிலிருந்து வந்ததுதான். (அந்த மரச்சட்டமே மறைந்துபோனதால் இன்று பலர் அதை மென்மை என்று பொருள்படும் 'டெண்டர்' (tender) ஆக்கிவிட்டார்கள்.)

சரி, வெட்டவெளியில் தொங்கும் துணியைத் திருடன் சும்மா விடுவானா? அதற்கு ஊர்க்காரர்கள் வைத்திருந்த சட்டம் கொடூரமானது. திருடிய பொருளின் மதிப்பு பதிமூன்றரைப் பென்னியைத் தொட்டால் தலை போகும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கனமான கட்டை, அதன் அடியில் கோடாரி அலகு. முளையை உருவினால் விழும். ஆடுமாடு திருடியவன் என்றால் அந்தப் பிராணியை விட்டே முளையில் கட்டிய கயிற்றை இழுக்க வைத்தார்கள் என்கின்றன பழைய குறிப்புகள். கடைசியாக 1650-இல் விழுந்தது. பிரான்சின் தலைவெட்டும் இயந்திரமான கில்லட்டின் வேலையை ஆரம்பித்தது 1792-இல்! பிச்சைக்காரர்களும் நாடோடிகளும் இதற்கு ஒரு ஜெபமே வைத்திருந்தார்கள்: "நரகம், ஹல், ஹாலிஃபாக்ஸ் இவற்றிலிருந்து, நல்ல ஆண்டவரே, எங்களை மீட்டருளும்." ஹல் நாடோடிகளிடம் கடுமை காட்டிய துறைமுக ஊர். தேவாலய மன்றாட்டின் ராகத்தையே திருப்பி, பயத்தைக் கேலியாக்கிவிட்டார்கள். ஹகரத்தை விழுங்கும் உள்ளூர் நாக்கில், 'எல், உல், ஆலிஃபாக்ஸ்' என்று கேட்க வேண்டும். சிரிப்பும் வரும், கழுத்தும் கூசும்.

இன்னொரு சொல், 'லேய்க்'. விளையாடு என்று அர்த்தம். 866-இல் யார்க் நகரைப் பிடித்த ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் மொழியில் 'லெய்கா'. (லெகோ பொம்மையின் பெயரிலும் இதே வேர்தான் இருக்கிறது.) பிற்காலத்தில் ஆர்டர் இல்லாமல் தறி நின்றுபோன நாளில், "லேய்க்கிங்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள் மில் தொழிலாளிகள். கூலி இல்லாத நாளுக்கு விளையாட்டு என்று பெயர். இதைவிட எந்த ராஜா கதை பெரியது?

அப்புறம், பாட்டியம்மாவிடம் ஒருநாள் பில் யாரென்ற சண்டையை விவரித்தேன். "எங்க தெருவுல மூணு பில் இருந்தாங்க," என்றார். "ரெண்டு பேரோட அம்மா வீடு மேற்கால, மலைப் பக்கம்தான்." பேசிக்கொண்டே என் முதுகுக்குப் பின்னால் கை காட்டினார். கதவு அன்றும் திறந்துதான் கிடந்தது.