லொக்கேஷன்.சர்ச்சைக் காலி செய்தால் பக்கம் ரீலோடு ஆகும்

ஜாவாஸ்கிரிப்டில் லொக்கேஷன்.சர்ச் என்பது முகவரியின் கேள்விக்குறிப் பகுதி. அதற்கு வெறும் மேற்கோள் குறி ('') கொடுத்தால், பக்கம் ரீலோடு ஆகாமலே முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளது போய்விடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கேள்விக்குறிப் பகுதி போவது உண்மைதான். ஆனால் ரீலோடு ஆகும். லொக்கேஷனில் மாற்றினால் ரீலோடு ஆகாதது ஹேஷ் (# குறிக்குப் பின்னால் உள்ளது) மட்டுமே, இரண்டும் எளிதில் குழம்பும்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். கிருஷ்ணகிரியில் நாங்கள் மாங்கன்று விற்கும் பக்கத்தை வாட்ஸ்அப் இணைப்பு வழியாகத் திறந்தேன். முகவரியின் வாலில், கேள்விக்குறிக்குப் பின்னால், வாடிக்கையாளர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் யுடிஎம்_சோர்ஸ் தொங்கியது. ஆர்டர் பெட்டியில் 'பெங்களூரா 40 கன்று' (பெங்களூரா ஒரு மா ரகம்) என்று தட்டிவிட்டு, எஃப்12 அழுத்தி, உலாவியின் கன்சோலில் லொக்கேஷன்.சர்ச்சைக் காலி செய்யும் அந்த வரியை ஓட்டினேன். தட்டியது அத்தனையும் காலி. நெட்வொர்க் தாவலில் பக்கத்துக்கான கோரிக்கை புதிதாகப் போயிருந்தது. வாடிக்கையாளர் பாதி நிரப்பிய படிவத்தில் இது நடந்தால் யோசித்துப் பாருங்கள்!

ரீலோடு வேண்டாம் என்றால், பக்கத்தை அப்படியே வைத்து முகவரியை மட்டும் மாற்ற ஹிஸ்டரி.ரீப்ளேஸ்ஸ்டேட் இருக்கிறது. லொக்கேஷன்.ஹெச்ரெஃப்பிலிருந்து ஒரு யூஆர்எல் ஆப்ஜெக்ட் செய்து, அதன் சர்ச்பாராம்ஸில் டிலீட் கொடுத்து வேண்டாததை மட்டும் நீக்கி, ரீப்ளேஸ்ஸ்டேட்டின் மூன்றாவது இடத்தில் அதைக் கொடுங்கள். (முதல் இடத்தில் நல் (null) போடாமல், பக்கத்தோடு சேமித்து வைத்த தகவலான ஹிஸ்டரி.ஸ்டேட்டையே போடுவது என் பழக்கம். பழைய ஸ்டேட் அழியாது.) அதே சோதனையை இப்போது செய்தால், முகவரிப் பட்டை சுத்தமாகும், 40 கன்றும் பெட்டியில் அப்படியே நிற்கும், நெட்வொர்க் தாவலில் பக்கத்துக்கான கோரிக்கை எதுவும் புதிதாக வராது.