செருகினால் போதுமாம், செருகினால்!

"கேபிளைச் செருகினா போதும் சார், தானா லைவ் போயிடும்" என்று சொல்லி என்கோடர் பெட்டி விற்கிறார்களே, அவர்களில் ஒருவரையாவது முகூர்த்த நாளில் விடியற்காலை நாலரை மணிக்கு மண்டபத்துக்கு அழைத்துப் போய் அந்தப் பெட்டிக்கு எதிரே உட்கார வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. காபி நானே வாங்கித் தருகிறேன். ஆனால் மாப்பிள்ளையின் அக்கா டொராண்டோவிலிருந்து "லிங்க்கைத் தொட்டா கறுப்பாவே இருக்கே தம்பி" என்று கூப்பிடும்போது போனை அவர்தான் எடுக்க வேண்டும்.

பெட்டி செய்ய வேண்டிய வேலை ஒன்றும் பெரிதல்ல. கேமராவிலிருந்தோ மிக்ஸரிலிருந்தோ எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தை வாங்கி, எச்.264 முறையில் சுருக்கி, லேன் வயர் வழியாக யூடியூபுக்கோ ஃபேஸ்புக்குக்கோ அனுப்ப வேண்டும். லேப்டாப்பிலும் செய்யலாம். அதற்கான ஓபிஎஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் ஏசி இல்லாத மண்டபத்தில், ஹோமப் புகைக்குப் பக்கத்தில், மூன்று மணி நேரம் லேப்டாப்பை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஏன் பெட்டிக்கு மாறினோம் என்று. ஓட ஆரம்பித்துவிட்டால் பெட்டி நிற்காது, அதை நான் மறுக்கவில்லை. ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் அது படுத்துகிற பாட்டைத்தான் சொல்கிறேன்.

முதலில் பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். மேசை மேல் கண்ணெதிரே இருக்கிறதே என்பீர்கள். நெட்வொர்க்கில் இருக்காது. நிறைய பெட்டிகளுக்குத் திரை கிடையாது. இரண்டு விளக்கு, ரீசெட்டுக்கு ஒரு ஓட்டை, அடியில் ஒரு ஸ்டிக்கர்: 192.168.1.168, அட்மின், அட்மின். இந்த முகவரி தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பப்பட்டது. மண்டபத்து ரௌட்டரோ 192.168.29.1 என்றோ 192.168.0.1 என்றோ இருக்கும். மூன்றாவது எண் வேறு என்றால் இந்தப் பெட்டியும் அந்த ரௌட்டரும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. எனவே லேப்டாப்பின் வைஃபையை அணைத்து, பெட்டியிலிருந்து நேராக லேன் வயர் போட்டு, லேப்டாப்புக்கு 192.168.1.10 என்று கையால் முகவரி கொடுத்து, மாஸ்க் 255.255.255.0 போட்டு, பிரவுசரில் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, பெட்டியின் முகவரியை மண்டபத்து வரிசைக்கு மாற்றி, சேமித்தவுடன் பெட்டி காணாமல் போகும். முகவரி மாறிவிட்டதல்லவா, இனி லேப்டாப்பையும் திரும்ப மாற்ற வேண்டும். நடுவில் ஓர் எண் பிசகினால் குண்டூசி தேடி அந்த ஓட்டைக்குள் விட்டு, எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து. கல்யாண மண்டபத்தில் குண்டூசிக்கு யாரிடம் போவது? மணமகள் அறைக்கதவைத் தட்டிப் பின் கேட்கிற மானக்கேடு எங்கள் தொழிலில் சகஜம்.

ரௌட்டரிடமிருந்து தானாக முகவரி வாங்கிக்கொள்ளும் டிஎச்சிபி என்ற ஏற்பாடு 1993-லேயே வந்துவிட்டது. வீட்டில் எரிகிற வைஃபை பல்புக்குக்கூட அது தெரியும். இந்தப் பெட்டிக்கும் தெரியும், ஏதோ ஒரு பக்கத்தின் மூலையில் அணைத்து வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் "ப்ரொஃபஷனல் யூசர்ஸ் ஸ்டாட்டிக்தான் வைப்பாங்க சார்". ஸ்டாட்டிக் என்றால் கையால் போடும் மாறாத முகவரி. சரி, அப்படியானால் "செருகினா போதும்" என்று சொன்னது எந்த யூசருக்கு?

பக்கம் திறந்ததும் சீன மொழியில் நிற்கும். வலது மூலையில் எறும்பு அளவுக்கு "இங்கிலீஷ்" என்று ஒரு எழுத்து. அதையும் தாண்டினால், படம் வருகிறதா என்று பார்க்கிற இடத்தில் ஒரு சாம்பல் கட்டம், "ஃப்ளாஷ் பிளேயர் நிறுவவும்" என்று. ஃப்ளாஷை அடோபி 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. அடுத்த ஜனவரி 12-லிருந்து ஏற்கெனவே நிறுவியிருந்த ஃப்ளாஷும் ஓட மறுத்துவிட்டது. இன்னும் சில பெட்டிகளின் கையேட்டில் "இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பயன்படுத்தவும்" என்றிருக்கிறது. அதை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. பழைய பெட்டியில் இருந்தால் போகட்டும் என்று விடலாம். புதிதாகப் பிரித்த பெட்டிக்குள்ளும் அதே கையேடு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். கஷ்டமான வேலை என்றால் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். எனக்கு ரத்தம் கொதிப்பது வேறு ஒன்றுக்கு. இந்தப் பெட்டி என்ன கோளாறு என்று வாயைத் திறந்து சொல்லவே சொல்லாது.

டிஎன்எஸ் கட்டம் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யூடியூப் சர்வரின் பெயரை எண் முகவரியாக மாற்றித்தர ஆள் இல்லை. பெட்டிக்குள் ஓடும் மென்பொருளுக்கு இது நன்றாகத் தெரியும். தேடினேன், கிடைக்கவில்லை என்று உள்ளே பதில் வந்திருக்கும். ஆனால் நமக்குக் காட்டுவது "கனெக்டிங்". வெளி நெட்டுக்குப் போக வழிகாட்டும் கேட்வே முகவரி இன்னும் பழைய 192.168.1.1-லேயே நிற்கிறதா? "கனெக்டிங்". லைவுக்கென்று யூடியூப் தரும் ரகசியக் குறியீடான ஸ்ட்ரீம் கீயில் ஓர் எழுத்து தப்பா? "கனெக்டிங்". லைவை அனுப்பும் ஆர்டிஎம்பி முறை பயன்படுத்துகிற 1935-ம் போர்ட்டை, அதாவது வாசலை, அந்த இடத்து ரௌட்டர் அடைத்து வைத்திருக்கிறதா? "கனெக்டிங்". மண்டபத்துக்காரர் பில் கட்டாமல் நெட்டே துண்டிக்கப்பட்டிருக்கிறதா? அப்போதும் அதே "கனெக்டிங்"தான். கல்லுளிமங்கன் மாதிரி ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் தீர்வு ஒரு நிமிட வேலை. எது காரணம் என்று கண்டுபிடிக்கத்தான் முகூர்த்தமே முடிந்துவிடுகிறது.

மறுமுனையைப் பாருங்கள். யூடியூபின் லைவ் கண்ட்ரோல் ரூமில் முழுப்படமாகப் போகிற ஃப்ரேம்களான கீஃப்ரேம்களின் இடைவெளி அதிகமாக இருந்தால், நான்கு வினாடி அல்லது அதற்குக் குறைவாக வையுங்கள் என்று வாக்கியமாகவே எழுதிக்காட்டும். பிட்ரேட், அதாவது வினாடிக்கு அனுப்பும் தகவலின் அளவு, போதவில்லை என்றால் அதையும் சொல்லும். எங்கோ தொலைவில் இருக்கிற சர்வருக்கு என் பெட்டியின் நோய் தெரிகிறது, ஒரு முழ வயரில் கட்டிப்போட்டிருக்கிற பெட்டிக்குத் தன் நோயைச் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கீஃப்ரேம் கணக்கும் ஒரு கூத்துதான். நான்குவரை பொறுத்துக்கொண்டாலும் யூடியூப் பரிந்துரைப்பது இரண்டு வினாடி. பெட்டியில் இருக்கும் கட்டமோ வெறும் "ஜிஓபி". கீஃப்ரேம் இடைவெளிக்கு இங்கே அதுதான் பெயர். எண் வினாடியிலா ஃப்ரேமிலா என்று எங்கேயும் போட்டிருக்காது. ஃப்ரேம் கணக்கு என்றால், நம் ஊர்க் கேமராக்கள் பால் (PAL) என்ற வீடியோ முறையில் வினாடிக்கு 25 ஃப்ரேம் கொடுப்பதால் 50 என்று போட வேண்டும். வினாடி என்று நினைத்து 2 போட்டால், இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறை முழுப்படம் அனுப்பி, இருக்கிற பிட்ரேட்டையெல்லாம் அதிலேயே தின்றுவிடும். படம் கட்டம் கட்டமாக உடையும். தொழிற்சாலையில் 30 ஃப்ரேம் என்று வைத்து அனுப்பியிருப்பார்கள். அதை 25-க்கு மாற்றாவிட்டால் மணமகள் நடந்து வரும்போது வினாடிக்கு ஐந்து தடவை தூக்கிப்போடும். கேமரா படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என்று பிரித்து அனுப்பும் 1080ஐ முறையில் வைக்கப்பட்டு, பெட்டி அவற்றைச் சேர்க்கும் டீஇன்டர்லேஸ் வேலையைச் செய்யவில்லை என்றால், ஆரத்தி சுற்றுகிற கையின் விளிம்பெல்லாம் கோடு கோடாகக் கிழியும். இது எதுவும் ஸ்டிக்கரில் இல்லை, கையேட்டிலும் இல்லை. அட்டைப்பெட்டியின் மேலே மட்டும் எச்.265 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்.

அந்த எச்.265 பற்றியும் சொல்லிவிடுகிறேன். எச்.264-க்கு அடுத்து வந்த சுருக்கும் முறை அது. பழைய ஆர்டிஎம்பியில் எச்.265-க்கு இடமே கிடையாது. அதைச் சேர்த்து விரிவாக்கிய வடிவம் 2023-ல்தான் வந்தது. அனுப்புகிற பெட்டிக்கும் வாங்குகிற இடத்துக்கும் அது தெரிந்திருந்தால்தான் உண்டு. விளம்பரத்தை நம்பி அதைத் தேர்ந்தெடுத்தால் பல பெட்டிகளில் லைவ் கறுப்பாகத்தான் போகும். தேர்ந்தெடுக்கும்போது "இது இங்கே ஓடாது" என்று தடுக்கவாவது செய்யுமா? செய்யாது. "செட் சக்சஸ்!" என்று ஆச்சரியக்குறியோடு வாழ்த்தும்.

அந்த "செட் சக்சஸ்"ஸையும் நம்பக்கூடாது. சில பெட்டிகளில் அப்ளை அழுத்தினால் போதாது, ரீபூட் செய்தால்தான் மாற்றம் உயிர் பெறும். ஸ்ட்ரீம் கீயிலும் ஆளுக்கொரு முறை. ஒரு பெட்டியில் சர்வர் முகவரிக்கு ஒரு கட்டம், கீக்கு ஒரு கட்டம். இன்னொன்றில் ஒரே கட்டம், நடுவில் சாய்கோடு போட்டு நாமே ஒட்ட வேண்டும். கல்யாண வீட்டார் கீயை வாட்ஸாப்பில் அனுப்புவார்கள், அதுவும் பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்டாக. அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். காப்பி செய்து ஒட்டினாலோ கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். அதை வெட்டி எறிய ஒரு வரி நிரல் போதும். அதையும் எழுதவில்லை. என்ன காட்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வினோதம் கடிகாரம். பல பெட்டிகளில் கடிகாரத்துக்கென்று பேட்டரி இல்லை. கரண்ட் போய் வந்தால் தேதி 1970 ஜனவரி 1. சாதாரண ஆர்டிஎம்பிக்கு அதனால் பாதகமில்லை. ஆனால் ஃபேஸ்புக் 2019-லேயே ஆர்டிஎம்பிஎஸ் என்ற பூட்டுப்போட்ட வழிக்கு மாறிவிட்டது. அந்த வழியில் சர்வர் காட்டும் சான்றிதழில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். சான்றிதழைச் சரிபார்க்கிற பெட்டியாக இருந்தால், தான் 1970-ல் இருப்பதாக நினைத்துக்கொண்டு "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று கதவைச் சாத்திவிடும். சரியான நேரம் சொல்லித்தரும் என்டிபி சர்வர் ஒன்றைக் குறித்துக் கொடுத்தால் தீர்ந்தது. ஜெனரேட்டர் மாற்றும் இரண்டு நிமிடத்தில் ஓடிக்கொண்டிருந்த லைவ் செத்துப்போனால், யாருக்குத் தோன்றும் தேதியைப் போய்ப் பார்க்க?

சத்தம் தனிக்கதை. ஆடியோ இன்புட் "லைன் இன்" என்று வைத்து அனுப்பியிருப்பார்கள். கேமராவின் சத்தம் எச்டிஎம்ஐ வழியாக வந்து வாசலிலேயே காத்துக் கிடக்கும். மண்டபம் அதிர நாதஸ்வரமும் தவிலும் வாசிப்பார்கள், லைவில் ஊமைப்படம். போனிலேயே கெட்டிமேளத்தைக் கேட்டுவிட்ட சிங்கப்பூர்ப் பெரியப்பா, "எங்களுக்கு இன்னும் தாலியே கட்டலை, சத்தமும் இல்லை" என்று குதிப்பார். தாமதமாக வருவது பெட்டியின் தப்பில்லை, லைவ் என்றாலே அரை நிமிடம்வரை பின்னால்தான் வரும். அதை அவருக்கு விளக்குகிற நிலையில் அப்போது நான் இருப்பதில்லை.

நெட் விஷயத்தில் பெட்டியை மட்டும் திட்டுவது நியாயமில்லை. "நூறு எம்பி லைன் போட்டிருக்கோம் தம்பி" என்று மண்டபத்து மேனேஜர் சொல்வது கீழே இறங்குகிற வேகத்தை. எனக்கு வேண்டியது மேலே ஏறுகிற வேகம். பந்தியில் உட்கார்ந்திருக்கிற கூட்டம் முழுக்க அதே வைஃபையில் ரீல்ஸ் ஏற்றிக்கொண்டிருக்கும். சரி, சிம் போட்டுக்கொள்ளலாம் என்றால், 4 எம்பிபிஎஸ்ஸில் லைவ் போனால் மணிக்கு 1.8 ஜிபி. நாளுக்கு 1.5 ஜிபி பிளான் ஐம்பது நிமிடத்தில் காலி. அதற்குப் பிறகு 64 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் தாலியின் ஒரு முடிச்சுகூடப் போகாது. இதிலும் பெட்டியின் பங்கு ஒன்று உண்டு. வேகம் குறைந்தால் பிட்ரேட்டைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் வசதி சில பெட்டிகளில் இருக்கிறது, வழக்கம்போல அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

விற்றவரைக் கூப்பிட்டால் முதல் பதில் "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்". இரண்டாவது பதில் "ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணிடுங்க", கூடவே பெட்டிக்குள் ஏற்ற வேண்டிய அந்த மென்பொருளுக்கு யாருடையது என்றே தெரியாத ஒரு டிரைவ் லிங்க். ஏற்றும்போது கரண்ட் போனால் பெட்டி மொத்தமாகப் போய்விடும் என்று கையேட்டில் அதை மட்டும் சிவப்பில் அச்சடித்திருக்கிறார்கள். மண்டபத்து கரண்டை நம்பி, முகூர்த்தத்துக்கு முன்னால் அதைச் செய்யச் சொல்கிறார் மனிதர்.

போன வாரமும் அவரிடம் சண்டை போட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புது மாடல் வந்திருக்கு சார், எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்குங்க" என்றார். முன்பக்கம் சின்னத் திரையெல்லாம் இருக்கிறதாம். கனெக்ட் ஆகவில்லை என்றால் ஏன் ஆகவில்லை என்று அந்தத் திரையில் காட்டுமா என்று கேட்டேன்.

"எச்.265 இருக்கு சார்" என்றார்.