தலைக்கட்டு வரியும் தலைக்கு ஒரு வரியும்

எங்கள் திசையன்விளைப் பக்கம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி போடுவார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று. வீட்டில் ஏழு பேர் இருந்தாலும் ஒரே வரிதான். சவுதியில் வெளிநாட்டுக் குடும்பங்களுக்குப் போடுவது அப்படி இல்லை. மனைவிக்குத் தனி, மூத்தவளுக்குத் தனி, போன மாதம் பிறந்த கைக்குழந்தைக்கும் தனி.

இப்போது இதை எழுதக் காரணம் என் அக்கா மகன். சவுதியின் ஜுபைலில் 5,000 ரியால் சம்பளத்துக்கு வேலை அமைந்திருக்கிறது. மனைவியையும் ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறானாம். "பெட்ரோல் நம்ம ஊரு விலையில பாதிதான், வருமான வரியும் கிடையாது. அங்க அப்படி என்ன மாமா செலவாயிரப் போவுது?" என்கிறான்.

அவன் சொல்வதில் பொய் இல்லை. 2008லிருந்து 11 வருடம் சவுதியிலேயே தமாமில் இருந்தவன் நான். ஒரு அறையில் ஆறு கட்டில், மெஸ்ஸுக்கு மாதம் ஒரு தொகை, வேலைக்குப் போய்வர கம்பெனி பஸ். ஒரு ரியாலுக்கு வாங்கும் ஒரு கட்டு குபூஸிலேயே (அரபு ரொட்டி) ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும். அப்படி இருக்கிறவனுக்கு அது மலிவான நாடுதான். நம் பக்கத்தில் எத்தனையோ மாடி வீடுகள் அந்தக் கட்டிலில் படுத்து எழுந்தவர்கள் கட்டியவை.

குடும்பம் வந்து இறங்கிய அன்றைக்கே கணக்கு வேறாகிவிடும். 2017 ஜூலையில் தலைக்கு மாதம் 100 ரியால் என்று ஆரம்பித்தார்கள். வருடம் நூறு நூறாகக் கூடி 2020 ஜூலையில் 400 ஆனது. மருமகனுக்கு மூன்று தலை. மாதம் 1,200, வருடத்துக்கு 14,400 ரியால். நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல். இதைக் கட்டினால்தான் இகாமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, புதுப்பிக்க முடியும். வருமான வரி இல்லாத நாடு என்கிறான், சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு வீட்டுப்படி ஏறும் முன்பே போய்விடுகிறது.

வாட் வரியும் இருக்கிறது. 2018 ஜனவரியில் 5 சதவீதம், 2020 ஜூலையிலிருந்து 15. அதே 2018 ஜனவரியில்தான் பெட்ரோல் 91 ரகம் லிட்டர் 75 ஹலாலாவிலிருந்து (100 ஹலாலா ஒரு ரியால்) 1 ரியால் 37 ஹலாலாவுக்கு ஏறியது. வீட்டுக் கரண்டும் ஆரம்பப் படியில் யூனிட்டுக்கு 5 ஹலாலாவாக இருந்தது 18 ஆனது. தேரிக்காட்டு வெயிலில் வளர்ந்த எனக்கே தமாமின் ஆகஸ்டு மாதப் புழுக்கம் தாங்காது. ஏசியை ராத்திரி பகல் அணைக்க முடியாது.

இடையில் குடும்பம் என்னோடு தமாமில் இருந்தபோது, என் மனைவி ஒரு பழைய டைரியில் செலவு எழுதி வைப்பாள். வாரம் தவறாமல் ஒரு வரி இருக்கும்: கறிவேப்பிலை 2 ரியால். ஊரில் எங்கள் கிணற்றடியில் அந்த மரம் சும்மா நிற்கிறது. 2018 தொடக்கத்தில் ஒருநாள் அந்த டைரியில் நான்கு எண்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதியிருந்தாள். 300, 600, 900, 1,200. எங்கள் வீட்டிலும் மூன்று தலை. "நாங்க ஊருக்குப் போயிருதோம்" என்று அவளேதான் சொன்னாள். மார்ச்சில் பரீட்சை முடிந்ததும் மூவரையும் திருவனந்தபுரத்துக்கு விமானம் ஏற்றிவிட்டு, நான் மறுபடி ஆறு கட்டில் அறைக்குப் போனேன். சின்னவள் ஊருக்கு வந்தும் ரொம்ப நாள் பெட்டிக்கடையை பக்காலா என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம். அதைக்கூட நான் போனில்தான் கேட்டேன்.

செலவு குறைந்த நாடுகள் என்று இணையத்தில் வருகிற பட்டியல்களைப் பார்த்து யாரும் முடிவெடுக்காதீர்கள். வீடு, பள்ளிக்கூட ஃபீஸ், டிக்கெட் எல்லாம் கம்பெனி தலையில் இருக்கிறவருக்கு அந்தப் பட்டியல் சரியாக இருக்கும். நம் பையன்கள் போவது அப்படி இல்லை. தமாமில் வாடகையை ஆறு மாதத்துக்கு மொத்தமாக வைக்கச் சொல்வார்கள். அப்புறம், அங்கே அடுப்பு எரிவதால் இங்கே அடுப்பு அணைந்துவிடாது. அம்மா அப்பாவுக்கு மருந்து வாங்க வேண்டும், நகைக்கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். கொடை வரியும் உண்டு. வெளிநாட்டில் இருந்தாலும் நீங்கள் ஒரு தலைக்கட்டுதான்.

குடும்பத்தோடு போகாதே என்று நான் சொல்லவில்லை. பிரிந்து இருப்பதன் வலி எனக்குத் தெரியும், அந்த வருடங்கள் திரும்பி வரப்போவதில்லை. கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேளுங்கள்: குடும்பத்துக்கான தலைவரியை யார் கட்டுவது? வாய்வார்த்தை போதாது, ஆஃபர் லெட்டரில் இருக்க வேண்டும். ஏஜெண்ட் "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றால், நீங்கள்தான் கட்டப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் தனியாகப் போய் நிலவரம் பார்த்துவிட்டு அழைத்துக்கொள்வதிலும் தப்பில்லை.

நேற்று மருமகனை உட்கார வைத்து இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் பேசவில்லை. ராத்திரி அவன் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறான். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.