குஷியல் நாவல் வரிசை: ஒரு திருத்தம்
அமெரிக்க எழுத்தாளர் ஜாக்குலின் கேரியின் குஷியல் என்ற மிகைபுனைவு (fantasy) நாவல் வரிசையைப் பற்றி, "ஒன்பது புத்தகமும் ஒரே தாசியின் படுக்கையறைக் கதை, வேறொன்றும் இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியில்லை. அந்தத் தாசியான ஃபெத்ரே கதை சொல்வது முதல் மூன்றில் மட்டும்தான். அடுத்த மூன்றை அவளுடைய வளர்ப்பு மகன் இம்ரியேல் சொல்கிறான். கடைசி மூன்று, சில தலைமுறைகளுக்குப் பின் வரும் மொய்ரின் என்ற பெண்ணுடையவை.

அப்புறம், ஃபெத்ரே ஒற்று வேலைக்குப் பழக்கப்பட்டவள், பல மொழிகள் கற்றவள். 2001இல் வந்த முதல் நாவலில், அந்நியரிடம் அடிமையாக விற்கப்படும் அவள் அவர்களின் படையெடுப்புத் திட்டத்தைத் தெரிந்துகொண்டு, கடும்பனியில் தப்பி வந்து நாட்டை எச்சரிக்கிறாள். என்னைக் கட்டிப்போட்ட பகுதி அதுதான். அந்த நாவலுக்கு 2002இல் அறிவியல் புனைவு, மிகைபுனைவு நூல்களுக்குத் தரப்படும் லோகஸ் விருதும், சிறந்த முதல் நாவல் என்ற பிரிவில் கிடைத்தது.

காமம் நிறையவே உண்டு, வலியோடு கலந்த காமமும் உண்டு. ஆனால் அவள் தன் தொழிலில், 'நிறுத்து' என்பதற்கான அடையாளச் சொல்லை முன்பே சொல்லி வைக்கிறாள். அடிமையாக இருக்கும்போது அந்த உரிமை அவளுக்கு இல்லை. இந்த வேறுபாட்டைக் கேரி தெளிவாகவே காட்டுகிறார். மூன்றாம் நாவலின் கொடுமைகளை நினைத்து ஒருவர் தயங்கினால், அது நியாயமான தயக்கம்.